மரத்துல பெரிய ஓட்டை போடுற பிட்டு – நாலு வருசம் ஓட்டிப் பார்த்த கதை

நான் தச்சு வேலை பாத்துப் பொழைக்கிற ஆளு கெடையாது, திருமங்கலத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை, ஞாயித்துக்கெழமை ஆனா மொட்டைமாடில மரத்தப் போட்டு உருட்டிக்கிட்டு இருப்பேன், அம்புட்டுதான். 2021ல ஆரம்பிச்சது. குருவிக்கூடு ஒரு முப்பது நாப்பது, கிச்சன் கதவு பூராம், ரெண்டு ரூமுக்கு லாக்கு, ஒரு ஊஞ்சப் பலகை. எல்லாத்துலயும் தலைவலி குடுத்தது ஒரு இஞ்சுக்கு மேல போற ஓட்டைதான்.

மொதல்ல மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில தட்டை பிட்டு, அதாவது டிரில்லு மிஷின்ல மாட்டுற, நடுவுல முள்ளு வச்ச தட்டைத் தகடு, செட்டு ஒண்ணு வாங்குனேன். வெல கம்மி, வேகமா எறங்கும், ஆனா அடிப்பக்கம் வெளிய வர்றப்ப பலகைய பிச்சு எடுத்துரும். குருவிக்கூட்டுக்கு 32 மி.மீ. வாசல், பலகை 12 மி.மீ. தான், பாதிக்குப் பாதி சிலும்பு சிலும்பா போச்சு. நடு முள்ளு அந்தப்பக்கம் லேசா எட்டிப் பாத்ததும் நிறுத்தி, பலகையத் திருப்பி அந்த முள்ளு ஓட்டையில வச்சு போடணும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. பிட்டு மொண்ணையாப் போனா அரம் வச்சு தீட்டிக்கலாம், கீழ்ப்பக்கம் வெட்டுற ரெண்டு விளிம்ப மட்டும் தீட்டுங்க, பக்கவாட்டுல கை வச்சீங்கன்னா 32 வந்து 31 ஆயிரும். நாலு வருசத்துல அந்த செட்டுல நான் எடுத்தது ரெண்டே ரெண்டு சைசு, மிச்சமெல்லாம் துரு புடிச்சுக் கெடக்கு. அதனால செட்டா வாங்காதீங்க, வேணுங்குற சைச ஒத்தையா நல்லதா வாங்குங்க.

அடுத்து ஃபார்ஸ்ட்னர். இங்க கடையில கீல் பிட்டுன்னு கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க, கிச்சன் கதவு கீலுக்கு 35 மி.மீ. குழி போடுறது இதுலதான். 1874லயே அமெரிக்காவுல பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர்னு ஒரு துப்பாக்கி செய்யிறவரு பேடன்ட் எடுத்த ஐட்டம். சுத்தி இருக்குற விளிம்பே வழி புடிச்சுப் போறதால குழி அடிப்பக்கம் சமமா வரும், பலகை ஓரத்துல பாதி ஓட்டை கூட போடலாம். நான் வாங்குன மொத பிட்டு மூணாவது கதவுலயே நீலம் பாஞ்சு போச்சு, ஒரே கருகல் வாடை. கடைக்காரர திட்டிக்கிட்டு இருந்தேன். எங்க தெரு ஆசாரி ஐயா, இன்னமும் வீட்டுல தொறப்பணம், அதான் கையால ஓட்டை போடுற பழைய கருவி, வச்சிருக்குற மனுசன், ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு, "பொகை வருதுன்னா அது வெட்டலப்பா, தேய்க்குது"ன்னாரு.

சங்கதி என்னன்னா என் மிஷின் 600 வாட்ஸ் ஹாமர் டிரில்லு, நிமிசத்துக்கு 2800 சுத்து. 10 மி.மீ. பிட்டுக்கு அது சரி, அதே சுத்துல 35 போட்டா விளிம்பு மூன்றரை மடங்கு வேகமா ஓடும், சூடேறி முனை செத்துரும். டிரிக்கர மெதுவா அமுக்குனா அந்த மிஷினுக்கு இழுவை இல்ல, நின்னு நின்னு போகுது. கடைசியா ரெண்டு கியர் இருக்குற கார்ட்லெஸ் (பேட்டரி) டிரில்லு வாங்கி மொத கியர்ல, 500 சுத்துக்குள்ள ஓட்டுனேன், பிட்டும் கார்பைடு முனை, அதாவது ஸ்டீல விடக் கெட்டியான முனை, வச்சதா மாத்துனேன், ஏன்னா பிளைவுட்டுல இருக்குற பசையே சாதா ஸ்டீல தின்னுரும். அந்த ஒரு பிட்டுல கிச்சன் பூராம் முடிஞ்சது. 18 மி.மீ. பலகைன்னா ஆழத்துல மட்டும் உசாரு, நடு முள்ளு வெளிப்பக்கம் எட்டிப் பாத்துரும், எனக்கு ஒரு கதவுல பாத்துருச்சு, இப்ப அங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.

ஊஞ்சப் பலகை பழைய வீட்டு வாகை மரம், ரெண்டு இஞ்சு கனம், இரும்பா இருந்துச்சு. அதுக்கு ஆகர் பிட்டு. நுனியில திருகு இருக்கும், அதுவே மரத்துக்குள்ள இழுத்துக்கிட்டுப் போகும், நாம அமுக்கவே வேணாம், தூளு சுருள் சுருளா மேல வரும், பாக்கவே ஆசையா இருக்கும். ஆனா அது கடிச்சு நின்னுச்சுன்னா மிஷின் நம்ம கையச் சுத்தும், மொத ஓட்டையில மணிக்கட்டு சுளுக்கி ஒரு வாரம் கட்டு. சைடு கைப்பிடி இல்லாம தொடாதீங்க. பழைய மரத்துல ஆணி இருக்கான்னு மொதல்ல காந்தம் வச்சுப் பாத்துருங்க, ஒரு தடவ ஆணில பட்டுச்சுன்னா நுனித் திருகு போயிரும், அப்புறம் இழுக்காது.

லாக்கு ஓட்டை 54 மி.மீ., அதுக்கு ஹோல் சா, கிண்ணம் மாதிரி வட்டமா பல்லு வச்ச ரம்பம். தூளு வெளிய போக எடமில்லாம அடைச்சுக்கிட்டு புகையும். வெட்டு வட்டத்துக்கு உள்ளாற ஒட்டுனாப்புல சின்ன பிட்டுல ரெண்டு ஓட்டை முழுசா போட்டுக்கிட்டா தூளு அது வழியா கொட்டிரும், பாதி நேரத்துல வேலை முடியும். இதுலயும் பாதி போட்டு கதவோட மறுபக்கம் வந்து போடணும். வெட்டுன வட்டக் கட்டை, அதான் வில்லை, ரம்பத்துக்குள்ள மாட்டிக்கிட்டா ஸ்க்ரூடிரைவர வச்சுக் குத்திக் கையக் கிழிச்சுக்காதீங்க, வில்லையில ரெண்டு ஸ்க்ரூ முறுக்குனா அது பின்தகட்டுல முட்டி வில்லைய வெளிய தள்ளிரும்.

அந்த வில்லைய தூக்கிப் போடாதீங்க, நடுவுல ஏற்கெனவே ஓட்டையோட ஜம்முனு சக்கரமாட்டம் இருக்கும். ரெண்டு கதவுல கெடச்சது ரெண்டுதான், எங்க அக்கா மகனுக்கு வண்டி செய்ய இன்னும் ரெண்டு வேணும்னு வேஸ்டு கட்டையில போட்டுக் குடுத்தேன். இப்ப பத்து சக்கர லாரி கேக்குறான்.