குட்டியோடு வந்த ஓநாய்: எந்தப் பதிப்பை வாங்குவது?

‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ படிக்கணும், எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று காமிக்ஸ் நண்பர்கள் யாராவது கேட்டால், “உங்க கண்ணு எப்படி?” என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். கேலிக்கு இல்லை. இந்த மங்காவுக்கு, அதாவது ஜப்பானியக் காமிக்ஸுக்கு, ஆங்கிலத்தில் முக்கியமாக மூன்று பதிப்புகள். ஒன்றில் பக்கம் தாராளம், ஆனால் கதை மூன்றில் ஒரு பங்குகூட வராமல் நின்றுபோனது. இன்னொன்று முழுசு, ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அளவு. மூன்றாவது இரண்டுக்கும் நடுவே, செங்கல் கனத்தில்.

பதிப்புகளைப் பார்ப்பதற்கு முன்னால் கதை. கசுவோ கொய்க்கே எழுத, கோசெக்கி கொஜிமா வரைய, 1970 செப்டம்பர் முதல் 1976 ஏப்ரல் வரை ‘வீக்லி மங்கா ஆக்‌ஷன்’ இதழில் வந்த தொடர் இது. 142 அத்தியாயங்கள், 28 தொகுதிகள், 8,000 பக்கங்களுக்கு மேல். எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில், நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அதிகாரபூர்வத் தலைவெட்டி ஒகாமி இத்தோ. ஒரு பிரபு தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்போது பின்னால் நின்று, ஒரே வீச்சில் தலையை எடுத்து வேதனையை முடித்துவைப்பது அவன் உத்தியோகம். அந்தப் பதவி மேல் கண் வைத்த யாக்யூ குலம், அவன் வீட்டு வழிபாட்டு இடத்தில் ஷோகுனின் சின்னம் போட்ட நினைவுப் பலகையை ஒளித்துவைத்து, ‘ஷோகுன் சாகணும் என்று வேண்டிக்கொள்கிறான்’ என மாட்டிவிடுகிறது. மனைவி கொல்லப்படுகிறாள். மிஞ்சிய கைக்குழந்தை தாய்கோரோவுக்கு முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான் ஒகாமி. பந்தைத் தொட்டால் அம்மா போன இடத்துக்கே அனுப்பிவிடுவான். வாளைத் தொட்டால் தன்னோடு கூட்டிப்போவான். குழந்தை வாளை நோக்கித் தவழ்கிறது. அதன் பிறகு மர வண்டியில் பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு, 500 ரியோ கூலிக்குக் கொலை செய்யும் நாடோடி அவன்.

தலைப்பைப் பற்றி ஒரு சின்ன முணுமுணுப்பு. மூலத்தில் ‘கொசுரே ஓகாமி’. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் ஓநாய் என்று பொருள். ‘லோன்’, அதாவது தனி, என்ற சொல் அங்கே இல்லவே இல்லை. தனியாக இல்லை என்பதுதானே அந்தத் தலைப்பே! இன்னொன்று, ஓநாய்க்கு ஜப்பானியச் சொல் ஓகாமி, நாயகனின் குலப்பெயர் ஒகாமி, இத்தோ என்றால் ஒரே வாள். காதில் விழும்போது ஓகாமியும் ஒகாமியும் ஒன்றோடொன்று உரசும். ஆங்கிலத்தில் அது போயே போச்சு. மூன்று பதிப்புக்கும் இதே தலைப்பு என்பதால் இதில் யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை.

முதலில் வந்தது சிகாகோவின் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் பதிப்பகத்தின் பதிப்பு, 1987 மே மாதம். அதே மாதம்தான் எக்லிப்ஸ், விஸ் என்ற இரண்டு பதிப்பகங்கள் கூட்டுச் சேர்ந்து ‘ஏரியா 88’, ‘மாய்’, ‘காமுய்’ என்று மூன்று மங்காக்களை அமெரிக்கக் கடைகளில் இறக்கின. அந்தக் கடைகளுக்கு அப்போது மங்கா புதுச்சரக்கு. கறுப்பு வெள்ளைப் படம், தெரியாத பெயர்கள், எவன் வாங்குவான் என்ற பயம் இருந்திருக்கும். அதற்கு ஃபர்ஸ்ட் கண்ட மருந்து அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஃப்ராங்க் மில்லர். பேட்மேன் கதையை முந்தைய வருடம்தான் தலைகீழாகப் புரட்டிப்போட்டு உச்சியில் இருந்தவர். அதற்கும் முன்னால் 1983இல் அவர் தொடங்கிய ‘ரோனின்’ இந்த மங்காவின் பாதிப்பில் பிறந்தது என்பது பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். முதல் 12 இதழ்களுக்கு மில்லரே அட்டை வரைந்தார், முன்னுரையும் எழுதினார். பிறகு பில் சின்கெவிச், மேட் வாக்னர், மைக் ப்ளூக் என்று கை மாறியது. அட்டைக்காக வாங்கி, உள்ளே போய் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு.

இதழும் சும்மா பின் அடித்த இதழ் இல்லை. முதுகு ஒட்டி, நல்ல தாளில், புத்தகம் மாதிரி நிற்கும். வழக்கமான அமெரிக்கக் காமிக்ஸ் அளவு. இங்கேதான் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானிய வார மங்கா இதழ்கள் பி5 அளவில் வருபவை, ஏறக்குறைய 18 செ.மீ.க்கு 26. கொஜிமாவின் பக்கங்கள் வாசகன் கைக்கு முதலில் போனது அந்த அளவில்தான். அமெரிக்கக் காமிக்ஸ் இதழும் கிட்டத்தட்ட அதே உயரம், ஒரு விரல் அகலம் குறைவு. ஆக, தற்செயலாகவோ தெரிந்தோ, ஃபர்ஸ்ட் காமிக்ஸின் பக்கம்தான் வார இதழ் வாசகன் பார்த்த பக்கத்துக்கு மிக நெருக்கம். கொஜிமா பேனாவை விடத் தூரிகையை நம்புகிறவர். காய்ந்த தூரிகையை இழுத்துவிட்ட கோரைப்புல், மழை, கடல் நுரை, இரண்டு பக்கத்துக்கு ஒரு வசனம்கூட இல்லாமல் காற்று மட்டும் அடிப்பது, இதெல்லாம் பெரிய தாளில்தான் மூச்சு விடும்.

ஆனால் 45 இதழோடு, 1991இல் கடையைக் கட்டிவிட்டார்கள். விற்பனை சரிந்தது, நிறுவனமே மூடப்பட்டது. யாக்யூ குலத் தலைவன் ரெட்சுடோவோடு ஒகாமி மோதும் கடைசிப் போரை எதிர்பார்த்துக் காத்திருந்த அமெரிக்க வாசகன் அதை ஆங்கிலத்தில் படிக்க இன்னும் 11 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. தொடர்கதையைப் பாதியில் நிறுத்துவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் இது வாரா வாரம் ஒரு கொலை என்று எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய தொடர் இல்லை. முதல் நூறு அத்தியாயங்களில் தனித்தனிக் கதை போல் தோன்றுவதெல்லாம் முடிவை நோக்கி உருண்டுகொண்டிருப்பவை. மூன்றில் ஒரு பங்கு படித்தவனுக்கு நல்ல சிறுகதைத் தொகுப்பு கிடைக்கும், நாவல் கிடைக்காது.

இரண்டாவது, டார்க் ஹார்ஸ் பதிப்பகம். 2000 செப்டம்பரில் தொடங்கி 2002 டிசம்பரில் 28 தொகுதிகளையும் முடித்தது. மாதம் ஒன்று, சொன்ன சொல் தவறாமல். ஒவ்வொன்றும் 300 பக்கத்தை ஒட்டி, விலை 9.95 டாலர். 2001இல் வெளிநாட்டுப் படைப்பின் சிறந்த அமெரிக்கப் பதிப்புக்கான, காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதும் வாங்கியது. கொஜிமா அந்த 2000 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். முதல் தொகுதி வர எட்டு மாதம் இருந்தது.

மில்லர், சின்கெவிச் அட்டைகளையே டார்க் ஹார்ஸும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது, பற்றாக்குறைக்கு வாக்னர், கை டேவிஸ், வின்ஸ் லாக் ஆகியோரிடம் புதிதாக வரையச் சொன்னது. பின்னால் ஓர் அருஞ்சொற்பொருள். கைஷாகுனின் (ஒகாமி வகித்த பதவி), ரியோ (பழைய நாணயம்), ஹான் (ஒரு பிரபுவின் ஆட்சிப்பகுதி) போன்ற சொற்களை உள்ளே அப்படியே விட்டு, பின்பக்கத்தில் விளக்குவது. இந்த முறை எனக்குப் பிடிக்கும். ‘தலைவெட்டி’ என்று நான் மேலே எழுதியபோதே அந்தப் பதவியின் கௌரவம் பாதி போய்விட்டது பாருங்கள்.

சிக்கல் அளவுதான். சுமார் 10 செ.மீ.க்கு 15. ஜப்பானிய பாக்கெட் நூல்களின் அளவு, ரயிலில் ஒரு கையில் பிடித்துப் படிக்கத் தோதானது. நம்மூரிலும் பாக்கெட் சைஸ் காமிக்ஸில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த அளவு ஒரு பாசம். எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் காலத்து பாக்கெட் காமிக்ஸில் பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டம் என்று வெட்டி ஒட்டித் தருவார்கள். இங்கே பி5 பக்கம் அப்படியே சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. சண்டைக் காட்சியில் பாதகமில்லை, வாள் ஒரே கோடுதானே. அரசியல் பேச்சு வரும் இடங்களில், நான்கு கிழவர்கள் விளக்கு வெளிச்சத்தில் சதி பேசும் இடங்களில், குமிழிக்குள் எழுத்து எறும்பு வரிசை. நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடியோடு உட்காரவும்.

மூன்றாவது, அதே டார்க் ஹார்ஸ் 2013 முதல் வெளியிட்ட ஆம்னிபஸ், அதாவது பல தொகுதிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய புத்தகம். அதே மொழிபெயர்ப்பு, 28 தொகுதிகள் 12 ஆகச் சுருங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றும் 700 பக்கத்தை ஒட்டி. பக்கம் பாக்கெட்டை விடப் பெரிது, ஃபர்ஸ்ட் இதழை விடச் சிறிது. வெளிவந்தபோது இருந்த 19.99 டாலர் அட்டை விலையில் 12க்கும் சேர்த்து 240 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. பாக்கெட் 28க்குப் பழைய அட்டை விலையே 278 சொச்சம். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மார்பில் விழும். மற்றபடி இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இனி மூன்று பதிப்பும் சேர்ந்து செய்த ஒரு காரியம். ஜப்பானியப் பக்கம் வலமிருந்து இடமாகப் போகும். ஆங்கில வாசகனுக்காக மூன்றிலும் பக்கத்தைக் கண்ணாடியில் காட்டியது போல் திருப்பிவிட்டார்கள். 1987இல் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. 2000இல்கூட அமெரிக்காவில் அதுவே வழக்கம். டோக்கியோபாப் என்ற பதிப்பகம் 2002இல் ‘திருப்பாமல் அப்படியே’ என்பதை விளம்பரமாக்கிய பிறகுதான் காற்று மாறியது. அதற்குள் டார்க் ஹார்ஸ் பாதித் தொகுதிகளுக்கு மேல் தாண்டியிருந்தது. நடுவில் திசை மாற்ற முடியுமா?

வேறு மங்காவாக இருந்தால் போனால் போகிறது என்று விடலாம். பள்ளிக்கூடக் காதல் கதையில் பையன் இடக்கையால் எழுதினால் என்ன? ஆனால் சாமுராய் வாளை இடப்பக்க இடுப்பில் செருகி வலக்கையால் உருவுபவன். திருப்பிய பக்கத்தில் நாடே இடக்கைக்காரர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உடை விஷயம் வேறு. கிமோனோவில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு மட்டும். நம்மூரில் திதி கொடுக்கும்போது பூணூலை இடம் மாற்றிப் போடுவார்களே, அதைப் பார்த்ததும் என்ன சடங்கு என்று தெரிந்துவிடுவது போல, ஜப்பானியக் கண்ணுக்கு இது உடனே உறுத்தும். ஆங்கிலப் பதிப்பு முழுக்க, சாமுராய், வேசி, துறவி, டோஃபு விற்பவன், எல்லோரும் பிணக்கோலத்தில் நடமாடுகிறார்கள். ஒகாமி ஒருவனுக்கு அது பொருந்தும். அவன் தன் பாதையையே மெய்ஃபுமாதோ, நரகத்து வழி, என்று சொல்லிக்கொண்டு செத்தவனாக நடப்பவன். மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இருந்தாலும் திருப்பியதில் ஒரு லாபமும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தமில்லாத சண்டைகளில் கண் எங்கும் தடுக்காமல் ஓடுகிறது. கொஜிமா அமைத்த வேகம் திசை மாறினாலும் வேகமாகவே இருக்கிறது. முதல் தடவை மங்கா படிப்பவருக்கு இது பெரிய உதவி.

மொழிபெயர்ப்பில் எல்லாப் பதிப்பும் தோற்கும் ஓர் இடம், தமிழில் ஜெயிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது, வண்டியில் பறக்கும் அந்தக் கொடி. பிள்ளையை வாடகைக்குத் தருவோம், ‘உதே’யை வாடகைக்குத் தருவோம் என்று அதில் எழுதியிருக்கும். உதே என்றால் கை. திறமை என்றும் பொருள். ஆங்கிலத்தில் அதை வாள் என்று ஆக்கிவிட்டார்கள். நமக்குக் கைதேர்ந்தவன், கைவந்த கலை என்றெல்லாம் ஏற்கெனவே இருப்பதால் ‘பிள்ளையும் வாடகைக்கு, கையும் வாடகைக்கு’ என்றால் போதும், பிடித்துக்கொள்வோம். அதேபோல் தாய்கோரோ அப்பாவைக் கூப்பிடும் ‘சான்’. சாமுராய் வீட்டுப் பிள்ளை மரியாதையாக ‘சிசியுவே’ என்று கூப்பிட வேண்டும். இவன் கூப்பிடுவது தெருவோரக் குடிசைப் பிள்ளைகள் அப்பனைக் கூப்பிடும் சொல். அவர்கள் எவ்வளவு கீழே இறங்கிவிட்டார்கள் என்பது அந்த ஒரு அசையில் இருக்கிறது. ‘தந்தையே’ என்று கூப்பிட வேண்டியவன் ‘நைனா’ என்று கூப்பிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, எதை வாங்குவது? கதை முழுசாக வேண்டும், கண்ணும் தப்ப வேண்டும் என்றால் ஆம்னிபஸ், யோசிக்கவே வேண்டாம். பாக்கெட் தொகுதிகளை நான் பரிந்துரைப்பது பயணத்தில் படிப்பவர்களுக்கும், மலிவாகப் பழைய புத்தகமாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்பவர்களுக்கும் மட்டுமே. இந்த இடத்தில் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் தோற்றுவிடும் என்று நினைப்பீர்கள். முழுத் தொகுப்பாகத் தேடினால் தோல்விதான், தேடவும் வேண்டாம். ஆனால் ஏதாவது பழைய கடையில் ஒற்றை இதழ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆம்னிபஸ்ஸில் அதே அத்தியாயத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து, வசனம் இல்லாத ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். கோரைப்புல்லில் காற்று அடிக்கும் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.