பாஸ் செத்தாச்சு, லூட் எங்கே? பல வருட ஆன்லைன் ஆர்பிஜி அனுபவம்

ஆன்லைன் ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரை வளர்த்து ஆடும் இணைய கேம் பற்றிய விமர்சனம் என்றால் கிராஃபிக்ஸ், கதை, சண்டை முறை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதெல்லாம் முதல் மாதத்துக்கு. அதற்கு அப்புறமும் ஒருவர் விடாமல் லாகின் செய்கிறார் என்றால் ஒன்று கில்டில், அதாவது வீரர் குழுவில், பழகிவிட்ட ஆட்களுக்காக இருக்கும், இல்லையென்றால் லூட்டுக்காக, அதாவது அரக்கர்களைக் கொன்றால் விழும் பொருட்களுக்காக இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14, ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப், பாத் ஆஃப் எக்ஸைல், டையப்லோ 3 என்று மாறி மாறி வருடக்கணக்கில் ஆடியதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். டிராப் ரேட், அதாவது ஒரு பொருள் விழும் வாய்ப்பு, குறைவாக இருப்பதால் மட்டும் ஆட்கள் கேமை விட்டுப் போவதில்லை. ஒரு பொருளுக்காக உழைத்தால் அந்த உழைப்பு எங்கே முடியும் என்று தெரியாமல் போகும்போதுதான் போகிறார்கள்.

டிராப் ரேட் விஷயத்தில் ரூன்ஸ்கேப் அளவுக்குக் கல்நெஞ்சம் கொண்ட கேமை நான் பார்த்ததில்லை. அபிஸல் விப் என்ற பெயர்பெற்ற சாட்டை, அபிஸல் டீமனைக் கொன்றால் 512-க்கு ஒன்று என்ற கணக்கில் விழும். கருப்பு டிராகன் போடும் டிராகோனிக் விசேஜ் 10,000-க்கு ஒன்று. இதைக் கேட்டதும் புதிதாக வருகிறவர்கள் "சரி, 512 கொன்றால் ஒன்று கிடைத்துவிடும்" என்று நினைத்துக்கொண்டு கிளம்புவார்கள். கணக்கு அப்படி வேலை செய்யாது. ஒவ்வொரு கொலையும் தனிச் சீட்டு, முந்தைய தோல்வியை கேம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. 512 கொன்று முடித்தவர்களில் ஏறக்குறைய 63 சதவீதம் பேரிடம்தான் குறைந்தது ஒரு சாட்டையாவது இருக்கும். ஆயிரம் கொன்ற பிறகும் நூற்றுக்குப் பதினான்கு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த கேமின் ஆட்கள் இதை "டிரை போவது" என்பார்கள், ஸ்க்ரீன்ஷாட் போட்டுப் புலம்புவார்கள், மறுநாள் அதே டீமனுக்கு முன்னால் போய் நிற்பார்கள்.

ஏன் நிற்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எண் வெளியே தெரியும், விக்கியைத் திறந்தால் ஒவ்வொரு அரக்கனுக்கும் என்ன விழும், எத்தனைக்கு ஒன்று என்று அட்டவணையே இருக்கும். பொருள் விழுந்துவிட்டால் அது அந்தப் பொருள்தான், அதிலேயே நல்ல விப், சுமாரான விப் என்று ரகம் கிடையாது. கலெக்‌ஷன் லாகில், அதாவது கிடைத்தவற்றின் பட்டியலில், அந்தப் படம் ஏறிவிடும், அந்த இடத்தோடு உங்கள் கணக்கு தீர்ந்தது. எத்தனை கசப்பு இருந்தாலும் கோடு எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது.

இப்போது வார்கிராஃப்டுக்கு வருவோம். 2016-இல் வந்த லீஜியன் விரிவாக்கம் பல விதங்களில் அந்த கேமின் நல்ல காலம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதில் டைட்டன்ஃபோர்ஜிங் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விழுகிற எந்த கியரும் (ஆயுதம், கவசம் மாதிரி) அதிர்ஷ்டம் இருந்தால் வழக்கத்தைவிடப் பல ஐட்டம் லெவல் கூடுதலாக, அதாவது கூடுதல் வலுவோடு விழலாம். காகிதத்தில் படித்தால் பிரமாதமான யோசனை. சில பேர் சேர்ந்து ஆடும் பழைய, சுலபமான டஞ்சனில்கூடத் திடீரென்று ஒரு நல்ல பொருள் கிடைக்கலாம், யாருக்கும் எந்த இடமும் வீண் இல்லை, எல்லோருக்கும் எப்போதும் ஒரு நம்பிக்கை. நடைமுறையில் என்ன ஆனது என்றால், பெரிய குழுவாகப் போய் மோதும் ரெய்டின் கடைசிப் பெரிய அரக்கனான பாஸைக் கொன்று, பல வாரம் காத்திருந்த டிரிங்கெட் என்ற அணிகலன் கடைசியில் நம் பெயருக்கு விழுந்து, அதைப் பார்த்ததும் மனதில் வரும் முதல் நினைப்பே "ஃபோர்ஜ் ஆகவில்லையே" என்பதுதான். கையில் இருப்பது அந்த பாஸ் தரக்கூடிய மிகச் சிறந்த பொருள், ஆனாலும் அது குறைப்பொருளாகத் தெரிகிறது. கூடவே யாரோ ஒருவர் சாதாரண டஞ்சனில் இருந்து அதைவிடப் பெரிய எண்ணோடு வந்து நிற்பார். அவர் மேல் கோபப்படவும் முடியாது, பாவம், அவர் என்ன செய்வார்.

லீஜியனின் லெஜண்டரி என்ற அபூர்வப் பொருட்களிலும் இதே கதைதான். எது எப்போது விழும் என்று தெரியாது. ஒரே வகுப்பை (கேரக்டர் வகையை) ஆடும் இரண்டு பேரில் ஒருவருக்கு சேதத்தைக் கூட்டும் லெஜண்டரி, இன்னொருவருக்கு ஓடும் வேகத்தைக் கூட்டும் லெஜண்டரி. ரெய்டுக்கு யாரை எடுப்பது என்று கில்டு யோசிக்கும் இடத்தில் அது சின்ன வித்தியாசம் இல்லை. டைட்டன்ஃபோர்ஜிங் அடுத்த விரிவாக்கத்திலும் தொடர்ந்தது, 2020 ஜனவரியில் வந்த 8.3 பேட்ச் என்ற புதுப்பிப்பில் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கரப்ஷன் என்று வைத்தார்கள். அதுவும் அதிர்ஷ்டச் சீட்டுதான், கொஞ்சம் ஊதா நிறத்தில்.

அதற்கடுத்த விரிவாக்கமான ஷேடோலாண்ட்ஸில் கிரேட் வால்ட் என்ற வாராந்திரப் பெட்டகம் வந்தபோதுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அந்த வாரம் நீங்கள் ஆடியதைப் பொறுத்து ஒன்பது பொருட்கள் வரை காட்டும், ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் அதிர்ஷ்டம் இருக்கிறது, ஆனால் தேர்வு நம் கையில். அதற்குப் பின் வந்த டிராகன்ஃப்ளைட்டில், கிடைத்த பொருளையே படிப்படியாக மேம்படுத்தும் வழியும் வந்துவிட்டது, எந்தப் படி கடைசி என்பதும் பொருளிலேயே எழுதியிருக்கும். இப்போது ஒரு டிரிங்கெட் விழுந்தால் அது விழுந்துவிட்டது, மீதி உழைப்பு.

அதற்காக எல்லாவற்றையும் உழைப்பாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஃபைனல் ஃபேன்டஸி 14 கிட்டத்தட்ட அப்படித்தான் செய்திருக்கிறது. சாவேஜ் என்ற கடினமான ரெய்டில் பெட்டியில் வேண்டியது விழவில்லையா, வாராவாரம் ஒரு புத்தகம் கிடைக்கும், போதுமான அளவு சேர்ந்ததும் கடைக்காரரிடம் கொடுத்து வேண்டிய கியரை வாங்கிக்கொள்ளலாம். கியர் வாங்கும் நாணயமான டோம்ஸ்டோனுக்கு வார உச்சவரம்பு உண்டு. எக்ஸ்ட்ரீம் டிரையல் என்ற கடினமான பாஸ் சண்டையில் விழும் மவுண்டுக்கு (சவாரி செய்யும் விலங்கு) அதிர்ஷ்டமே இல்லாதவர்களும், அதே சண்டையில் ஜெயித்தால் கிடைக்கும் டோட்டத்தில் 99 சேர்த்தால் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். நான் ஆடியதிலேயே மனதுக்குச் சுமை இல்லாத ஏற்பாடு இதுதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைத்தான் கை காட்டுவேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: பெட்டி திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. எந்த வாரம் எந்தப் பொருள் கைக்கு வரும் என்று அட்டவணை போட்டு வைத்திருப்போம், அது அட்டவணைப்படி வரும், மாதச் சம்பளம் போல. மவுண்ட் விஷயத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து இருக்கிறது. முதல் நாளே விழலாம், விழாவிட்டாலும் 99-இல் முடிந்துவிடும். இந்தக் கலவைதான் சரியான அளவு என்று எனக்குப் படுகிறது.

வார்கிராஃப்டின் இன்வின்சிபிள் மவுண்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஸ்கிரௌன் சிட்டடல் ரெய்டில், 25 பேருக்கான ஹீரோயிக் என்ற கடின நிலையில் லிச் கிங் பாஸைக் கொன்றால் விழும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் என்று வீரர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு கேரக்டருக்கு வாரத்துக்கு ஒரு முறைதான் முயற்சி. ஒரு வருடம் வாரம் தவறாமல் போனாலும் கிடைப்பதற்கு 41 சதவீதம்தான் வாய்ப்பு. அடியில் எந்தப் பிடிமானமும் இல்லை, பத்து வருடம் போனாலும் அடுத்த வாரத்தின் வாய்ப்பு அதே 1 சதவீதம். அந்தக் குதிரையை யாராவது ஓட்டிக்கொண்டு போனால் நான் இன்றைக்கும் நின்று பார்ப்பேன், அது வேறு விஷயம்.

லூட்டைப் பகிர்வது இன்னொரு தலைவலி. பழைய நாளில் வார்கிராஃப்டின் மோல்ட்டன் கோர் ரெய்டில் 40 பேர் சேர்ந்து கொன்ற பாஸ் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் பொருள் போடும். யாருக்கு என்று முடிவு செய்ய எவர்குவெஸ்ட் என்ற பழைய கேமின் காலத்திலேயே கில்டுகள் டிகேபி என்ற புள்ளிக் கணக்கைக் கண்டுபிடித்திருந்தன. வந்த ரெய்டுக்குப் புள்ளி, வாங்கிய பொருளுக்குக் கழிவு. இல்லையென்றால் லூட் கவுன்சில், அதாவது நாலைந்து பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், அந்த நாலைந்து பேருக்கு முதலில் கிடைத்துவிடுகிறது என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். நான் இருந்த ஒரு கில்டு இந்த முணுமுணுப்பிலேயே உடைந்தது. சண்டை ஒரே ஒரு வாளுக்கு. அந்த வாள் அடுத்த பேட்சில் குப்பையாகிவிட்டது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை ஆடும் கிளாசிக் சர்வர்களில் ஜிடிகேபி என்று ஏலமே பரவியது, யார் அதிகத் தங்கம் கொடுக்கிறாரோ அவருக்குப் பொருள், வசூல் எல்லோருக்கும் பங்கு. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் வெளியே காசு கொடுத்துத் தங்கம் வாங்கும் கூட்டத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. கிளாசிக்கின் ஒரு வடிவமான சீசன் ஆஃப் டிஸ்கவரியில் 2024-இல் அதைத் தடையே செய்தார்கள். சரியான முடிவு என்பது என் கட்சி, எதிர்க்கட்சியில் எனக்கு நண்பர்கள் நிறைய.

ஏலம் என்றதும் டையப்லோ 3-ஐ விட முடியாது. 2012-இல் அது வந்த கொஞ்ச நாளிலேயே நிஜப் பணத்துக்கே பொருள் விற்கும் ஏலக் கடை கேமுக்குள்ளேயே திறந்தது. அரக்கனைக் கொன்று கிடைப்பதைவிடக் கடையில் தேடினால் நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கும் என்றான பிறகு அரக்கனை எதற்குக் கொல்வது? பல மணி நேரம் ஆடிக் கிடைத்த பொருளைக் கடை விலையோடு ஒப்பிட்டு, நாலு காசு பெறாது என்று தெரிந்துகொள்வதுதான் அன்றைய ஆட்டமாக இருந்தது. 2014 மார்ச்சில் ஏலக் கடையை இழுத்து மூடினார்கள். அதற்குச் சற்று முன்பே லூட் 2.0 வந்து, நம் வகுப்புக்குப் பொருத்தமான பொருட்கள் அதிகமாக விழ ஆரம்பித்தன. அதே கேம், அதே அரக்கர்கள், ஆனால் தரையில் ஆரஞ்சு ஒளி தெரிந்தால் ஓடிப் போய்ப் பார்க்கும் ஆசை திரும்பி வந்தது.

பாத் ஆஃப் எக்ஸைல் ஆட்களுக்கு இதெல்லாம் குழந்தை விளையாட்டு. அங்கே விழுவது மலையளவு, தேவையில்லாததை மறைக்கும் ஃபில்டர் போடாமல் ஆடினால் திரையில் எழுத்து தவிர எதுவும் தெரியாது, விழுவதில் பெரும்பாலானதை யாரும் குனிந்து எடுப்பதில்லை. ஆனால் விழுகிற ஆர்ப் என்ற உருண்டைகள் எல்லாம் நாணயமாகவும் கைவேலைக்கான பொருளாகவும் இருப்பதால், வேண்டியது விழாத நாளிலும் வேண்டியதை நோக்கி ஓர் அடி நகர்ந்திருப்போம். 2022 ஆகஸ்டில் கலாண்ட்ரா லீக் என்ற புதிய சீசன் வந்தபோது அரக்கர்களின் மறைமுக லூட் போனஸ்களை மாற்றியமைத்ததில் தரை திடீரென்று காலியானது போல இருந்தது. வீரர்கள் கொதித்தெழுந்தார்கள், பிறகு சில திருத்தங்கள் வந்தன. பழக்கப்பட்ட மழை நின்றது ஒன்று, அதைப் பேட்ச் குறிப்பில் தெளிவாகப் புரிந்துகொள்ளும்படி சொல்லவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் எரிந்தது.

சொல்லாமல் மாற்றுவது எவ்வளவு பெரிய விவகாரமாக முடியும் என்பதற்கு மேப்பிள்ஸ்டோரி என்ற கொரிய கேம் சாட்சி. கியரின் கூடுதல் திறன்களை மாற்றக் காசு கொடுத்து வாங்கும் கியூபில் வீரர்கள் விரும்பிய தேர்வுகளின் வாய்ப்பைத் தெரிவிக்காமல் குறைத்ததற்காக, 2024 ஜனவரியில் கொரிய நியாய வர்த்தக ஆணையம் 1,160 கோடி வோனுக்கு மேல் அபராதம் விதித்தது. அதே வருடம் மார்ச்சில் வாய்ப்பு விகிதங்களைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்ற சட்டமும் அங்கே அமலுக்கு வந்தது. சீனாவில் 2017-இலேயே அப்படி ஒரு விதி வந்துவிட்டது. காசு வாங்குகிற கேம்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா டிராப்புக்கும் இதைச் செய்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. வார்ஃப்ரேமில் டிராப் அட்டவணை முழுவதையும் அவர்களே வெளியிடுகிறார்கள், அதனால் யாரும் அதை ஆடாமல் விட்டதாகத் தெரியவில்லை.

இப்போது நான் புதிதாக ஒரு கேமைத் தொடும்போது, லெவல் ஏற்றுவதற்கு முன்னாலேயே இரண்டு விஷயத்தைத் தேடிப் படித்துவிடுகிறேன். தோல்விக்கு ஏதாவது கணக்கு வைக்கிறார்களா? லாஸ்ட் ஆர்க்கில் கியரை மேம்படுத்தும்போது ஒவ்வொரு தோல்விக்கும் ஆர்ட்டிசன்ஸ் எனர்ஜி ஏறி 100 சதவீதம் ஆனதும் அடுத்தது நிச்சய வெற்றி என்று இருக்கிறதே, அந்த மாதிரி. (அதற்கு ஆகும் பொருட்செலவைப் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.) அப்புறம், விழுந்த பொருளுக்குள்ளேயே இன்னும் எத்தனை சீட்டு மறைந்திருக்கிறது? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தாலும் ரூன்ஸ்கேப் போலச் சமாளித்து ஆடிவிடுவேன். இரண்டாவதற்கு மூன்று, நான்கு என்று பதில் வந்தால் கதைக்காக ஒரு முறை ஆடிவிட்டு அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறேன்.