பவர் பிரஸ்ஸுக்கு எது சரி: லைட் கர்ட்டனா, இரட்டைப் பட்டனா, கூண்டா?

கோவை கணபதியில் எங்கள் பட்டறை. நான்கு பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டவும் வளைக்கவும் மோட்டாரில் ஓடும் மெஷின்), ஏழு ஆட்கள். வாஷரும் பம்புக்கான சின்னத் தகடு உதிரிகளும்தான் பெரும்பாலும். போன ஆண்டு எங்களிடம் வேலை பார்த்த ஒரு தம்பிக்கு ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. அவன் பெடலை ஒரு தடவைதான் மிதித்தான். லாட்ச் ஸ்பிரிங் உடைந்து, சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலோடு மெஷினை இணைக்கும் கிளட்ச் கீ விடுபடாமல், ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இரண்டாவது தடவையும் இறங்கிவிட்டது. ஆபத்தான பாகத்தை மூடி வை என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லிவிட்டது. நான்தான் அதுவரை மூடவில்லை.

முதலில் லைட் கர்ட்டன், அதாவது டைக்கு (தகட்டை வெட்டும் அச்சு) முன்னால் ஒளிக்கதிராலான திரை. கை குறுக்கே போனால் ராம் பாதியிலேயே நிற்கும். ஆனால் அது ராமை நடுவழியில் நிறுத்த முடிகிற ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்ஸுக்கு மட்டும்தான். எங்களுடையது போன்ற பழைய கீ கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடிந்துதான் நிற்கும். ஒளிக்கதிர் அறுந்தாலும் ராம் இறங்கியே தீரும். இது தெரிந்தும் எனக்கு அதை விற்க ஒருவர் வந்தார். புது ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் மெஷின் வாங்குபவர்கள் இதைத் தாராளமாக யோசிக்கலாம். நான் நண்பர் கடையில் பார்த்ததோடு சரி, ஓட்டியதில்லை.

இரட்டைப் பட்டனை ஒரு மெஷினில் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் எப்படிப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டதும் நம்பிக்கை போய்விட்டது. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக், ஃப்ளைவீலில் கீ பிடிக்கும் இடம் ஒன்றே ஒன்று. பட்டனை அமுக்கிய பின் ராம் அடிமட்டம் தொட ஒன்றரை விநாடி வரை ஆகலாம். கை நகரும் வேகத்தை விநாடிக்கு 1.6 மீட்டர் என்று வைப்பது வழக்கம். அப்படியானால் பட்டன் டையிலிருந்து 2.4 மீட்டர், அதாவது எட்டடி தள்ளி இருக்க வேண்டும். எந்தப் பட்டறையில் அப்படி வைக்க முடியும்? ராம் தானாக இரண்டாவது தடவை இறங்கினால் பட்டனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால், ஒரு பட்டனில் ஐஸ் குச்சி செருகியிருந்தது. மெஷின் ஓட்டியவனைக் கேட்டேன். "நாளெல்லாம் ரெண்டு கையாலயும் அமுக்குனா தோள் விட்டுப் போகுதுங்கண்ணா. பீஸும் குறையுதுங்க" என்றான். பீஸ் கூலி கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். அவனை எப்படித் திட்டுவது?

அதனால் டையைச் சுற்றி மூடும் கூண்டுக்கு வந்தேன். ஆங்கிள் ஃப்ரேம், பாலிகார்பனேட் தகடு, முன்னால் தகட்டுப் பட்டை நுழைய 6 மி.மீ. சந்து. வாஷர் டைக்குக் கீழே விழுந்துவிடும், கை உள்ளே போக வேலையே இல்லை. கடைசித் துண்டுப் பட்டையை அடுத்த பட்டையால் தள்ளினால் போதும். சந்தை அகலமாக்கினால் கூண்டை டையிலிருந்து இன்னும் தள்ளி வைக்க வேண்டும், இதை மட்டும் மறக்கக் கூடாது. ராம் எத்தனை தடவை தானாக இறங்கினாலும் விரல் வெளியேதான் இருக்கும்.

கூண்டின் உயிர் டை மாற்றும் நேரத்தில் இருக்கிறது. அவசரத்தில் கழற்றியதை "இந்த லாட் முடியட்டும்" என்று ஓரமாக வைத்துவிட்டால் அப்புறம் அது திரும்ப ஏறாது. எங்கள் ஏற்பாடு இதுதான்: கூண்டின் ஆலன் கீயும் மெயின் ஸ்விட்ச் பூட்டின் சாவியும் ஒரே வளையத்தில் இருக்கும். பூட்டினால்தான் சாவி வெளியே வருகிற மாதிரிப் பூட்டு. ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டி, ஃப்ளைவீல் முழுக்க நின்ற பிறகுதான் கூண்டில் கை வைக்கலாம். மாட்டி முடித்ததும் டை மாற்றும் செட்டர் நோட்டில் கையெழுத்துப் போடுவார். அதைப் பார்த்து மோட்டாரை ஓட்டச் சொல்வது நான் அல்லது என் தங்கை, வேறு யாரும் இல்லை. டை மாற்ற இருபது நிமிடம் கூடுதலாகிறது. பீஸ் கூலியை நிறுத்தி நாள் கூலியாக்கினேன். முதல் இரண்டு வாரம் உற்பத்தி விழுந்தது, அப்புறம் பழைய கணக்குக்கு வந்துவிட்டது. டைக்கு டை கூண்டு வேறு என்பதால் வெல்டிங் செலவு இருக்கிறது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

எல்லா வேலைக்கும் கூண்டு ஒத்துவராது. தகட்டை ஒவ்வொன்றாக டையில் வைத்து வளைக்கிற வேலைக்கு முன்பக்கம் திறந்தே ஆக வேண்டும். அங்கே டையை வெளியே இழுத்து, பீஸை வைத்து, உள்ளே தள்ளுகிற ஸ்லைடு போட்டிருக்கிறேன். எடுப்பதற்குக் காந்தக் குச்சி. எட்டு மாதம்தான் ஆகிறது, ஒரே மெஷின். இதை நம்பி இன்னொருவருக்குச் சொல்லும் அளவுக்கு நான் ஓட்டவில்லை. அந்த மெஷினில் இப்போதைக்கு மூத்தவர் ஒருவரைத் தவிர யாரையும் உட்கார வைப்பதில்லை.