எக்ஸ்பிரஸ் 5: மாறலாமா, வேண்டாமா?

நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) வெப் சர்வர் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க் எக்ஸ்பிரஸ். அதன் 4-ஆம் பதிப்பு வந்தது 2014-இல், 5 வந்தது 2024-இல். இடையில் ஜாவாஸ்கிரிப்ட் எங்கேயோ போய்விட்டது, காத்திருக்க வேண்டிய வேலைகளை வரிசையாக எழுத உதவும் ஏசிங்க்-அவெய்ட் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது, எக்ஸ்பிரஸ் மட்டும், வேலை முடிந்ததும் கூப்பிட ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவைக்கும் கால்பேக் காலத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல்தான் ஒரு பழைய ப்ராஜெக்டை 5-க்கு மாற்றிப் பார்த்தேன்.

ஒரே ஒரு விஷயத்துக்காகவே மாறலாம். 4-இல் ஒரு ஏசிங்க் ஹேண்ட்லருக்குள் (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) டேட்டாபேஸ் கொரி தோற்றுப்போனால் அந்த எரர் எக்ஸ்பிரஸுக்குத் தெரியவே தெரியாது. பிரவுசர் பக்கம் லோடிங் சுற்றிக்கொண்டே இருக்கும், நோட் 15 முதலோ இன்னும் மோசம், யாரும் பிடிக்காத ப்ராமிஸ் (பின்னால் வரப்போகும் முடிவைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) ரிஜெக்‌ஷன் மொத்த ப்ராசஸையே சாய்த்துவிடும். ஒருவருடைய ரிக்வெஸ்ட் சொதப்பினால் எல்லோருக்கும் சர்வர் காலி. அதற்காக ஒவ்வொரு ரூட்டிலும் ட்ரை-கேட்ச் எழுதி, கடைசியில் அடுத்த ஃபங்ஷனுக்குக் கைமாற்றும் நெக்ஸ்டுக்கு எரரைக் கொடுத்து, அப்புறம் அதுவும் சலித்துப்போய் ஒரு ராப்பர் ஃபங்ஷன் எழுதி... 5-இல் இதெல்லாம் தேவையில்லை, ரிஜெக்ட் ஆன ப்ராமிஸ் தானாகவே எரர் ஹேண்ட்லருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் அவெய்ட் போடாமல் விட்ட ப்ராமிஸையும், செட்டைம்அவுட்டுக்குள் வெடிக்கும் எரரையும் அது பிடிக்காது, அவை உங்கள் பாடு.

அந்த எரர் ஹேண்ட்லரில் பழைய கிறுக்குத்தனம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான்கு ஆர்குமென்ட் இருந்தால்தான் அது எரர் ஹேண்ட்லர். நெக்ஸ்டைப் பயன்படுத்தவில்லையே என்று கோடில் குறை கண்டுபிடிக்கும் லின்டர் சொன்னதைக் கேட்டு நான்காவதை அழித்தீர்களானால் அது சாதாரண மிடில்வேர் (ரிக்வெஸ்ட் வழியில் கடந்துபோகும் ஃபங்ஷன்) ஆகிவிடும், ஒரு வார்னிங்கூட வராது. இதையாவது இந்தப் பத்து வருஷத்தில் சரிசெய்திருக்கலாம்.

மாற்றும்போது ரூட் பிரச்சினைகள் தொல்லை இல்லை. வெறும் நட்சத்திரக்குறி போட்டு எல்லாப் பாதையையும் பிடிப்பது இனி நடக்காது, அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், தவறினால் சர்வர் ஸ்டார்ட் ஆகும்போதே எரர் வந்துவிடும். சத்தமில்லாமல் மாறியவைதான் ஆபத்து. பாடி, அதாவது கூடவே அனுப்பும் டேட்டா, இல்லாமல் வரும் ரிக்வெஸ்டில் ரெக்.பாடி முன்பு ஜேசான் பார்சர் புண்ணியத்தில் காலி ஆப்ஜெக்டாக இருக்கும், இப்போது அன்டிஃபைன்ட், அதிலிருந்து நேராக ஏதாவது எடுத்தால் 500, அதாவது சர்வர் எரர். யூஆர்எல்லில் ஃபில்டர்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் அடுக்கி அனுப்புகிறவர்கள் யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின் வருவதைப் பிரிக்கும் கொரி பார்சர் செட்டிங்கை எக்ஸ்டெண்டட் என்று மாற்றியே ஆக வேண்டும், 5-இல் டீஃபால்ட் சிம்பிள்தான். ரெக்.கொரியில் எழுதவும் முடியாது, வெறும் கெட்டர், படிக்க மட்டும்தான், அதைச் சுத்தம் செய்கிறேன் என்று திருத்தி எழுதும் பழைய மிடில்வேர்கள் அங்கேயே விழுகின்றன. ஜேசான் பாடிக்கு அதே பழைய 100 கேபி வரம்பு, தாண்டினால் 413, அதாவது பாடி மிகப் பெரிது என்ற எரர்.

வேலிடேஷன்? இன்னும் இல்லை. உள்ளே வரும் ஜேசான் சரியா என்று பார்க்க இதே வேலைக்கான இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ஃபாஸ்டிஃபையில் ஸ்கீமா (டேட்டா எப்படி இருக்க வேண்டும் என்ற விவரம்) எழுதினாலே போதும், பொருந்தாத ரிக்வெஸ்டை ஹேண்ட்லர் வரை விடாமல் 400 கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். எக்ஸ்பிரஸில் தனி லைப்ரரி தேடி, நாமே இணைக்க வேண்டும். புதிதாக ஏபிஐ மட்டும் எழுதுவதாக இருந்தால் நான் ஃபாஸ்டிஃபைதான் எடுப்பேன். ஏற்கெனவே 4-இல் ஓடுகிற ஆப் என்றால் 5-க்குப் போங்கள், நோட் 18 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், போகும் முன் ரெக்.பாடி தொடும் இடங்களையெல்லாம் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.