16 எம்பிக்குள் ஐந்து வருடக் குடித்தனம்: என் ரவுட்டரும் அதன் பேக்கேஜ்களும்

2020 ஊரடங்கில் வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் வீட்டுக்குள் வந்தபோது, எங்கள் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தை ஏற்றினேன். ஃபிளாஷ் என்ற நிரந்தரச் சேமிப்பிடம் 16 எம்பி, கரண்ட் போனால் அழியும் ராம் 128 எம்பி. இப்போதைய போனில் எடுக்கும் ஏழெட்டுப் படங்களுக்கே அந்த 16 எம்பி காணாது. அதற்குள்தான் கர்னல் என்ற மைய நிரல், ஃபயர்வால், வைஃபை, லூசி என்ற நிர்வாகப் பக்கம் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. மிச்ச இடம் நமக்கு. அந்த மிச்ச இடத்தில் எதை வைப்பது, எதைத் தொடாமல் இருப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் இத்தனை வருடம் ஆனது.

உபுண்டு என்ற கணினி லினக்ஸில் ஊறிய கை. முதல் மாதமே, புதுப்பிக்கலாம் என்று பட்டியலில் காட்டிய அத்தனை பேக்கேஜையும் (தனித்தனி மென்பொருள் பொதிகளையும்) ஒரே வரிக் கட்டளையில் மொத்தமாகப் புதுப்பித்தேன். பாதி வழியில் இடமில்லை என்று நின்றது. சரி, ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்று செய்தேன். லூசி வரவே இல்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஃபர்ம்வேரோடு, அதாவது ரவுட்டரில் ஏற்றும் அடிப்படை மென்பொருளோடு, வரும் கோப்புகள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, படிக்க மட்டுமே முடிகிற பகுதியில் இருக்கின்றன. நாம் மாற்றுவதெல்லாம் அதன்மேல் ஓவர்லே என்ற தனி அடுக்கில் போய் உட்காரும். அச்சடித்த காலண்டரில் தேதியின் மேல் சீட்டு ஒட்டுவது மாதிரி: சீட்டு தெரியும், அடியில் அச்சு அப்படியே இருக்கும். ஆகவே கூடவே வந்த பேக்கேஜைப் புதுப்பித்தால் பழையது போகாது, புதியது கூடுதலாக இடம் பிடிக்கும். வேண்டாம் என்று நீக்கினாலும் ஒரு கேபி கூடத் திரும்பக் கிடைக்காது. நாமாக நிறுவியதை நீக்கினால் மட்டுமே இடம் வரும். அதிலும் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவியான ஓபிகேஜியிடம் ஆட்டோரிமூவ் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால், துணைக்கு வந்த லைப்ரரிகள் அங்கேயே தங்கிவிடும்.

அன்று காப்பாற்றியது ஃபெயில்சேஃப் என்ற அவசரகால முறை. ரவுட்டரை ஆன் செய்து, விளக்கு மின்னத் தொடங்கும் அந்தச் சில விநாடிக்குள் பட்டனை அழுத்த வேண்டும். எனக்கு நாலாவது முறைதான் வாய்த்தது. ரவுட்டர் ஓவர்லேயைத் தொடாமல் அடி அடுக்கோடு மட்டும் எழுந்து 192.168.1.1 என்ற முகவரியில் காத்திருக்கும். அந்த நிலையில் அது முகவரி வழங்காது, லேப்டாப்புக்கு நாமே ஒன்றைக் கொடுத்து எஸ்எஸ்எச் என்ற கட்டளை இணைப்பு வழியாக நுழைய வேண்டும். ஃபர்ஸ்ட்பூட் கட்டளையில் ஓவர்லே மொத்தமும் துடைக்கப்பட்டு, புதிதாக ஏற்றியதுபோல் ஆனது.

இரண்டாவது அடி, தளங்களின் பெயருக்கு முகவரி தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க்கில். குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் விபிஎன் வழியாக அனுப்ப ஆசைப்பட்டேன். அதற்கு அதன் முழு வடிவமான டிஎன்எஸ்மாஸ்க்-ஃபுல் வேண்டும். சாதாரணமானதும் அதுவும் ஒரே நேரத்தில் சேர்ந்து இருக்க முடியாது. பழையதை நீக்கினேன். புதியதை நிறுவச் சொன்னேன். சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றது! பெயர் தேடிக் கொடுப்பவரைத்தானே இப்போது வெளியே அனுப்பினோம். உள் அறையிலிருந்து மகளின் குரல்: "அப்பா, வைஃபை ஃபுல்லா காட்டுது, ஒண்ணுமே ஓபன் ஆகல!" போன் டேட்டாவில் பேக்கேஜின் ஐபிகே கோப்பை இறக்கி, லேப்டாப்பிலிருந்து ரவுட்டரின் டிஎம்பி என்ற தற்காலிக அடைவுக்கு அனுப்பி நிறுவினேன். முதலில் டிஎம்பியில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு நீக்கியிருந்தால் ஒரு நிமிட வேலை. வைஃபையை நடத்தும் டபிள்யூபேட் பேக்கேஜை மாற்றும்போதும் இதே கதைதான், அதை வைஃபையில் இருந்துகொண்டு செய்யாதீர்கள், கேபிளில் உட்காருங்கள்.

சின்ன எரிச்சல் ஒன்று: ஓபிகேஜியின் பேக்கேஜ் பட்டியல் ராமில்தான் இருக்கும். கரண்ட் போய் வந்தால் பட்டியலும் போய்விடும், மறுபடி அப்டேட் கொடுக்க வேண்டும். ஃபிளாஷை வீணாகத் தேய்க்காமலிருக்க இப்படி. குறையென்று சொல்ல மனம் வரவில்லை.

ஸ்னாப்ஷாட் என்ற, இன்னும் உருவாக்கத்தில் இருக்கும் சோதனைப் பதிப்பை ஒரு கோடையில் ஓட்டிப் பார்த்தேன். கேமாட் என்று தொடங்கும் கர்னல் மாட்யூல்கள் (கர்னலின் துணை நிரல்கள்) தாம் உருவாக்கப்பட்ட அதே கர்னலோடு மட்டும்தான் ஒத்துப்போகும். ஸ்னாப்ஷாட்டோ அடிக்கடி புதிதாகிறது. யூஎஸ்பி டிரைவுக்கான மாட்யூலை மறந்துவிட்டு சில நாள் கழித்துக் கேட்டேன், கர்னல் பொருந்தவில்லை என்று கதவைச் சாத்திவிட்டது. வீட்டுக்கு ஸ்டேபிள் பதிப்பே போதும்.

ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது சத்தமில்லாத ஒரு கோளாறு. ஓப்பன்டபிள்யூஆர்டியின் 21.02 பதிப்பிலிருந்து 22.03-க்கு ஏறினேன். செட்டிங்ஸ் எல்லாம் பத்திரமாக வந்தன. இரண்டு வாரமாக வீடியோ காலில் மட்டும் குரல் வெட்டி வெட்டி வந்தது. இணைப்பு கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பார்த்தால், நெரிசலில் இணையப் போக்குவரத்தை வரிசைப்படுத்தும் எஸ்க்யூஎம் பேக்கேஜின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு இருக்கிறது, எஸ்க்யூஎம் இல்லை! புதுப் பதிப்பை ஏற்றும் சிஸ்அப்கிரேட் அமைப்புகளைத்தான் சுமந்து வரும், நாம் நிறுவிய பேக்கேஜ்களை அல்ல. யாராவது அப்லோட் செய்யும்போது வீடியோ காலைக் காப்பாற்றும் வரிசைமுறை இல்லாமலே இரண்டு வாரம் ஓடியிருக்கிறது.

அதன்பின் பேக்கேஜைத் தனியாகப் புதுப்பிப்பதையே விட்டுவிட்டேன். இப்போது அட்டெண்டெட் சிஸ்அப்கிரேட், 24.10-இல் அதன் கட்டளை வடிவமான ஓவுட். ரவுட்டரின் மாடலையும் பேக்கேஜ் பட்டியலையும் சர்வருக்கு அனுப்பும், எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய இமேஜ் (முழு ஃபர்ம்வேர் கோப்பு) சில நிமிடத்தில் வரும். பட்டியலை வெளியே கொடுக்க விரும்பாதவர்கள் இமேஜ் பில்டரை வீட்டு லினக்ஸ் கணினியிலேயே ஓட்டலாம். எதிர்பாராத லாபம், இடம். ஸ்குவாஷ்எஃப்எஸ் ஓவர்லேயை விட நன்றாக அமுக்கி வைக்கும் என்பதால், முன்பு மூச்சுத் திணறிய அதே பேக்கேஜ்களோடு இன்று ஓவர்லே கிட்டத்தட்டக் காலி. எக்ஸ்ட்ரூட்டுக்காக, அதாவது ஓவர்லேயை வெளியே வைத்து இடத்தைப் பெருக்க, செருகியிருந்த பென்டிரைவையும் கழற்றியாயிற்று.

அடுத்தது 25.12 தொடர். அதில் ஓபிகேஜியை எடுத்துவிட்டு ஆல்பைன் லினக்ஸின் ஏபிகேயைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஏபிகே வேறு, இது வேறு. என் பழைய ஸ்கிரிப்டில் ஓபிகேஜி வரும் பதினோரு வரிகளை மாற்ற வேண்டும். வீட்டில் யாரும் மேட்ச் பார்க்காத ஒரு ஞாயிறு மதியம் கிடைக்கட்டும், கேபிளைச் செருகிக்கொண்டு உட்காரலாம் என்றிருக்கிறேன்.