ஏற்காட்டில் பழைய இயந்திரங்கள்: லிஸ்டர் என்ஜின் ஓடும் நாளாகப் பார்த்துப் போங்கள்

சேலத்தில் ஆயில் என்ஜின் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் நான். ஏற்காடு லூப் ரோட்டில் ஒரு எஸ்டேட்காரர், தன் பழைய காபி குடோனில் விவசாய இயந்திரங்களையும் வண்டிகளையும் சேர்த்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார் என்றார்கள். விடுவேனா? பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் என்ஜினை ஓட்டிக் காட்டாத நாளில் போனால் பாதிக் காசு வீண்.

லிஸ்டர் சிஎஸ் என்ற பழைய டீசல் என்ஜின் ஒன்று நிற்கிறது. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1929இல் வர ஆரம்பித்த வகை. ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. அவசரமே கிடையாது. இதையே பார்த்து ராஜ்கோட்டில் வார்த்துத் தள்ளினார்கள், அதனால்தான் நம் பக்கக் கிணற்று மேடுகளில் இந்த உருவம் பழகிப் போனது. எப்போது ஓட்டுவீர்கள் என்று கேட்டதும் அங்கே நின்ற வேலைக்காரப் பையன், "ஞாயித்துக்கிழமை மட்டும்தானுங்க ஓட்டுவோம்" என்றான். அன்று ஞாயிறுதான். வால்வு லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினான், ப்ளைவீல் வேகம் பிடித்ததும் லிவரை விட்டான். ஒரு இருமல், அப்புறம் சீரான டக் டக். கூட வந்த பேரன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். மேலே சூடு, கீழே குளிர்ச்சி. பம்ப் இல்லாமலே சூடான தண்ணீர் மேலேறி, குளிர்ந்தது என்ஜினுக்குள் போய்விடும்.

1820களில் காபி வந்த மலை என்பதால், காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் இல்லாமலா? கையால் சுற்றுகிற உருளை பல்பர். மேலே சுற்றிய செப்புத் தகட்டில் குமிழ் குமிழாகப் புடைப்பு. பழம் அதில் சிக்கி நசுங்கினால் தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். நடுவில் மட்டும் குமிழ்கள் மழுங்கியிருக்கின்றன. நன்றாக உழைத்த இயந்திரம்.

சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர் (1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் செய்தது) ஓடவில்லை, ஆனாலும் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். மூன்று புள்ளியில் கலப்பையை மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்குகிற அமைப்பைப் பரவலாக்கியது பெர்குசன்தான். அதற்கு முன் கலப்பையை வெறுமனே இழுத்துப் போவார்கள், அது பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்னால் தூக்கி ஆளையும் சேர்த்துக் கவிழ்க்கும். ஜீப், மாட்டு வண்டி எல்லாம் உண்டு. படம் எடுக்கிறவர்களுக்கு.

இனி குறை. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலையின் சாலும் (தண்ணீர் மொள்ளும் பாத்திரம்) வடக்கயிறும் ஒரு மூலையில் கிடக்கின்றன. எழுதி வைத்திருப்பது "பழைய வாளி". அடியில் தொங்குகிற தும்பியை, அதாவது தோல் குழாயைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா? மாடு சரிவில் இறங்கி இழுக்க, சால் மேலே வந்ததும் தும்பி வழியாகத் தண்ணீர் தானாகக் கொட்டும். ஒரு படமாவது வரைந்து மாட்டலாம்.

அதைவிடக் கொடுமை சில்வர் பெயிண்ட். இரும்பு, பித்தளை என்று பார்க்காமல் பூசியிருக்கிறார்கள். லிஸ்டரின் பெயர்த் தகட்டிலேயே அடித்துவிட்டதால் சீரியல் நம்பரைப் படிக்க முடியவில்லை.

பைக்கில் போகிறவர்கள் இருட்டுமுன் இறங்கிவிடுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பனி மூட்டம் இருந்தது. உள்ளே டீ கிடையாது.

ஐந்துக்கு மூன்றரை. அந்தத் தகட்டுப் பெயிண்டைச் சுரண்டினால் நாலு தருகிறேன்.