ஆம்பூர் ஷூ கம்பெனியா, ஸ்ரீபெரும்புதூர் ஒப்பந்த வேலையா?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பிளஸ் டூ, ஐடிஐ முடித்தவர்கள் குழம்புவது இந்த இரண்டில்தான்.

கையில் நிற்பது
ஸ்ரீபெரும்புதூர்: மாதச் சம்பளம் மொத்தம் 18,000, அதில் அடிப்படை 15,000 என்று வையுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அடிப்படையில் 12% என்றால் 1,800, இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) மொத்தத்தில் 0.75% என்றால் 135. மிச்சம் 16,065. ரூம் வாடகை, மெஸ், ஊருக்கு வந்துபோகும் செலவு இதற்குள்தான்.
ஆம்பூர்: பிடித்தம் இங்கும் உண்டு, சம்பளமும் பெரும்பாலும் குறைவு. ஆனால் சாப்பாடு வீட்டிலேயே, வாடகையும் கிடையாது.

கைத்தொழில்
ஆம்பூர்: ஓரம் சீவுவது, மடிப்பது, அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைப்பது, லாஸ்டிங் (அதை அச்சில் இழுத்துப் பொருத்துவது) என்று படிப்படியாக ஏறலாம். துணியில் தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம்; தோலில் ஊசி போட்ட ஓட்டை மறையாது, துண்டே கழிவு. அதனால்தான் அப்பர் தைக்கத் தெரிந்தவருக்கு ராணிப்பேட்டை, வாணியம்பாடி என எங்கும் கிராக்கி.
ஸ்ரீபெரும்புதூர்: லைனில் ஒரே ஸ்க்ரூ முடுக்கும் வேலை என்றால் ஆண்டு முடிந்தாலும் அதே ஸ்க்ரூதான். மெயின்டனன்ஸ் (இயந்திரப் பராமரிப்பு) கிடைத்தால் கதை வேறு.

நிலைப்பு
ஆம்பூர்: ஏற்றுமதி ஆர்டர் சுருங்கினால் ஓவர்டைம்தான் முதலில் போகும்.
ஸ்ரீபெரும்புதூர்: ஒப்பந்தக்காரர் மாறினால் புது யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான அடையாள எண்) போடப் பார்ப்பார்கள், பழைய எண்ணையே கொடுங்கள், இல்லையேல் பி.எஃப். பணம் இரண்டு இடத்தில் சிதறும்.

வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களுக்கு ஆம்பூர். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர் போகலாம், வேலைக் கடிதத்தில் மெயின்டனன்ஸ் என்று இருந்தால் மட்டும்.